அடையாற்றுப் பறவைகளைப் பார்க்க எந்தக் கண்ணாடி நல்லது?

ஒரு காலத்தில், பறவையை அருகில் பார்க்க ஆசைப்பட்டவர்கள் அதைச் சுட்டு வீழ்த்தித்தான் பார்த்தார்கள்!

துப்பாக்கியின் வாய் வழியே கரிமருந்தைக் கொட்டுவார்கள். துணியை அடைத்து, கம்பியால் இடிப்பார்கள். அதன்மேல் ஈய ரவைகளைப் போடுவார்கள். "டுமீல்!" என்று ஒரு வெடி. புகை விலகினால் தண்ணீரில் பறவை மிதக்கும். குறி தவறிவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து மருந்து திணிக்க வேண்டும்.

1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-ல் அதைத் திருத்தி மேலும் கடுமையாக்கினார்கள். பொழுதுபோக்குக்காக வேட்டையாடுவதற்கு இடமே இல்லாமல் போயிற்று. இன்று அடையாறு முகத்துவாரத்துக்கும் பள்ளிக்கரணைக்கும் போகிறவர்கள் கையில் இருப்பது தூரக்கண்ணாடி. "பைனாகுலர்" என்றால் எல்லோருக்கும் தெரியும்.

அதை வாங்கப் போய் ஏமாறுகிறவர்கள் ஏராளம்.

ஏமாற்றும் எண்

தீபாவளி போனஸ் வருகிறது. பையன் பைனாகுலர் கேட்கிறான். தியாகராய நகர் கூட்டத்தில் நடைபாதைக் கடை ஒன்றில் "50 மடங்கு பெரிதாகக் காட்டும்" என்கிறார்கள். அப்பா வாங்கிக் கொடுக்கிறார். மறுநாள் ஆற்றங்கரையில் பார்த்தால் நாரையும் தெரியவில்லை, நண்டும் தெரியவில்லை! எல்லாம் கலங்கல். பத்து நிமிடத்தில் பையனுக்குத் தலைவலி. அதன் பிறகு அது பரணுக்குப் போய்விடுகிறது. பணம் போனதுகூடப் பெரிதல்ல. பையனின் பறவை ஆசையும் அதோடு போய்விடுகிறது.

பைனாகுலரில் இரண்டு எண்கள் இருக்கும். "8 × 42" என்று போட்டிருந்தால், 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. 42 என்பது முன்பக்கக் கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டர் கணக்கில். அகலம் கூடினால் வெளிச்சம் கூடும். மடங்கு கூடினால் கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும்! கையில் பிடித்துப் பார்க்க 8 மடங்கு போதும். 10-க்கு மேல் போனால் முக்காலி வேண்டும். விடியற்காலையிலும் அந்தியிலும் பார்ப்பதற்கு 8 × 42 மிகவும் ஏற்றது.

வேடனின் புருவம்

அமெரிக்காவில் மருந்து திணிக்கும் துப்பாக்கியால் மான் வேட்டையாட இன்றும் அனுமதி உண்டு. சிலர் அதன்மேல் ஒரு தூரக்கண்ணாடியைப் பொருத்துகிறார்கள். அதற்கு "ஸ்கோப்" என்று பெயர். சுட்டதும் துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும். ஆகவே கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே மூன்று, நான்கு அங்குல இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் வேடனின் புருவம் கிழிந்துவிடும்!

நமது பைனாகுலர் உதைக்காது. ஆனால் மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு இங்கேயும் இடைவெளி முக்கியம். சுமார் 15 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். குறைந்தால், சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பது போல நடுவில் கொஞ்சம்தான் தெரியும். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கடையில் பார்த்துவிட வேண்டும்.

கோபுரம்தான் பரீட்சை!

நல்ல கண்ணாடியா என்று கண்டுபிடிக்க மயிலாப்பூரில் அருமையான இடம் இருக்கிறது. கபாலீசுவரர் கோயில் கிழக்குக் கோபுரம் சுமார் 120 அடி உயரம். அதில் ஏராளமான சுதைச் சிற்பங்கள். சற்றுத் தள்ளி நின்று ஒரு சிற்பத்தின் முகத்தைப் பாருங்கள். நடுவில் தெளிவாகத் தெரிகிற முகம், ஓரத்துக்குக் கொண்டுபோனாலும் ஓரளவு தெளிவாக இருக்க வேண்டும். ஒன்று இரண்டாகத் தெரிந்தால் உள்ளே கண்ணாடிகள் நேராக இல்லை என்று அர்த்தம். அதை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது. கண் போய்விடும். குழந்தைகள் கையில் கொடுக்குமுன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

சென்னையின் எதிரி

குளிர்நாட்டுக்காரர்களுக்கு அவ்வளவாக இல்லாத தொல்லை ஒன்று நமக்கு உண்டு. அது பூஞ்சை. கடற்காற்றும் ஐப்பசி மழையும் சேர்ந்தால் ஊறுகாய் ஜாடியில் படிவது போலக் கண்ணாடிக்குள்ளும் படிந்துவிடும். வெளியே துடைத்துப் பயனில்லை. ஆகவே, தண்ணீர் புகாமல் அடைத்து, உள்ளே நைட்ரஜன் வாயு நிரப்பியதாகப் பார்த்து வாங்க வேண்டும். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் மடங்கைக் கூட்டக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுப்பது மேல்.

பிறகு, "பத்திரமாக இருக்கட்டும்" என்று தோல் பையில் போட்டுப் பீரோவில் பூட்டிவிடுகிறார்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அரிசிப் பானையில் புதைப்பவர்களும் உண்டு. அரிசித் தூசு திருகுகளில் புகுந்ததுதான் மிச்சம்! இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் போதும். வாரம் ஒருமுறை வெளியே எடுத்துப் பயன்படுத்துவது அதைவிட நல்லது.

எடுத்துக்கொண்டு எங்கே போவது? குளிர்கால மாதங்களில், காலை ஆறு மணிக்கு அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் போகலாம். சேற்றில் உள்ளான்கள் குடுகுடுவென்று ஓடும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். திடீரென்று தலைகீழாகப் பாயும். எட்டு மடங்கில் பார்த்தால், அது மேலே எழும்பும்போது அலகில் மீன் துள்ளுவதும் தெரியும்.