வீட்டுக்குப் பின்னாடி விறகு பாய்லர்: எதில் சிக்கனம், எதில் கூடாது?

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் காலையில் குழாயைத் திறந்தால் கை விறைத்துவிடும். கீசர் போட்டால் மின் கட்டணம் கூடுது. மூணு கல் அடுப்பில் அண்டாவை வைத்தால் சூட்டில் பெரும்பகுதி காற்றோடு போயிடுது. அதனால் பலர் பழைய இரும்பு டிரம்மை வைத்துத் தாங்களே பாய்லர் கட்டிக்கொள்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் செல்போனில் வீடியோ பார்த்து ஆரம்பிக்கும் முன் இதைப் படிச்சிடுங்க.

தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். அந்த ஆவி வெளியேற வழியில்லாமல் டிரம்மை இறுக்கி மூடினால் அது வெடித்துவிடும். சூடு சீக்கிரம் ஏறட்டும் என்று மூடியை வெல்டிங் வைத்து அடைப்பதும், வெந்நீர் வரும் குழாயில் வால்வு மாட்டுவதும் இதே ஆபத்தைத்தான் கொண்டுவரும்.

நம்ம பாட்டி வீட்டுச் செம்பு பாய்லர் ஞாபகம் இருக்கா? மேலே புனலில் ஒரு வாளி பச்சைத் தண்ணீர் ஊற்றினால், மறுபக்க மூக்கு வழியாக ஒரு வாளி வெந்நீர் வரும். புனல் குழாய் அடிவரை போகும். மூக்கு மேல் மட்டத்தில் இருக்கும். வெந்நீர் மேலேதானே நிற்கும்? வால்வே இல்லாததால் ஆவி தேங்காது, பாத்திரமும் எப்போதும் நிறைந்தே இருக்கும். டிரம்மிலும் இதே ஏற்பாட்டைச் செய்யலாம். மூடியைச் சும்மா மேலே வைத்தால் போதும். அடுப்பு மூட்டும் முன் மூக்கில் தண்ணீர் வழிகிற வரை நிரப்பிடுங்க.

டிரம் வாங்கும்போது சமையல் எண்ணெய் வந்ததாகப் பார்த்து, மேல்பக்கம் ஏற்கெனவே திறந்ததாக வாங்குங்க. தின்னர், பெட்ரோல், பூச்சிமருந்து இருந்த டிரம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி தங்கியிருக்கும். வெல்டிங் பொறி பட்டதும் வெடித்து உயிரே போகலாம். எண்ணெய் டிரம்மாக இருந்தாலும் முதல் இரண்டு கொதிநீரைக் கொட்டிவிடுங்க. இந்தத் தண்ணீர் குளிக்க மட்டும்தான், சமைக்கவோ குடிக்கவோ அல்ல.

200 லிட்டர் டிரம் தண்ணீரோடு 200 கிலோவுக்கு மேல் எடை வரும். அதனால் கெட்டியான தரையில் மூன்று செங்கல் தூண் கட்டி அதன்மேல் உட்கார வையுங்க. சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி விட்டு, செங்கல்லும் களிமண்ணும் வைத்துச் சுவர் எழுப்பி, மேல்விளிம்பில் மண் பூசி அடைக்கணும்.  புகை டிரம்மைச் சுற்றி ஏறி, பின்பக்கக் குழாய் வழியாக வெளியேறும். சூடு வீணாவது குறையும். புகைக்குழாய்க்கு துத்தநாகம் பூசிய தகரம் வேண்டாம். அதிக சூட்டில் அந்தப் பூச்சிலிருந்து நச்சுப்புகை வரும். கறுப்பு இரும்புக் குழாய் போதும். அறைக்குள்ளோ, நாலு பக்கமும் அடைத்த கொட்டகைக்குள்ளோ கட்டாதீங்க. கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும்.

விறகைப் பிளந்து, மழை படாமல் சில மாதம் காய வைத்தால் பாதிக்குப் பாதி மிச்சம். 100 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு ஏற்ற, நன்றாகக் கட்டிய அடுப்பில் இரண்டரை கிலோ காய்ந்த விறகு ஏறக்குறையப் போதும். பிளாஸ்டிக், பெயின்ட் அடித்த பலகை இதெல்லாம் போடக் கூடாது. மலைப்பகுதியில் இன்னொன்றும் இருக்கு: தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955 பொருந்தும் இடங்களில், சொந்தப் பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் முன் அனுமதி வேண்டும்.

இதற்கு லைசென்ஸ் வேண்டுமா? தண்ணீரை 100 டிகிரிக்குக் கீழே, அழுத்தமில்லாமல் சூடாக்கும் பாத்திரம் கொதிகலன் சட்டத்துக்குள் வராது. ஹோட்டலுக்கோ சாயப்பட்டறைக்கோ அழுத்தத்தோடு நீராவி எடுப்பது வேறு கதை. அதற்குக் கொதிகலன்கள் இயக்ககத்தில் பதிவும் ஆய்வும் வேண்டும். அதை வீட்டில் செய்து பார்க்காதீங்க.

வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கும், குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். பட்டுவிட்டால் பற்பசை, மை எதுவும் தடவாமல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்க. காயம் பெரிசா இருந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்க. தீ பிடித்தால் 101 அல்லது 112.