சாவிக்கும் உண்டு ரேஷன் கார்டு!

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



'டூப்ளிகேட் சாவி' என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது யார்? பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் குடை விரித்து, கையில் அரத்தோடு உட்கார்ந்திருக்கும் சாவிக்காரர். பழைய சாவியைக் கொடுத்துவிட்டு ஒரு டீ குடித்து வருவதற்குள் புதுச் சாவி ரெடி. வீட்டுப் பூட்டு, பீரோ, சைக்கிள் எல்லாவற்றுக்கும் இது போதும்.

ஆனால் இன்றைய காருக்கு இது போதாது. பல்லுக்குப் பல் சரியாக வெட்டிய சாவி கதவைத் திறக்கும். இக்னிஷனிலும் சுற்றும். எஞ்சின் மட்டும் ஓடாது. சில வண்டிகளில் ஸ்டார்ட்டரே சுற்றாது. சில வண்டிகளில் எஞ்சின் ஓரிரு விநாடி ஓடி, பொசுக்கென்று நின்றுவிடும். ஏன் இப்படி?

சாவிக்குள் என்ன இருக்கிறது?

சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு சிப் இருக்கிறது. இதன் பெயர்தான் டிரான்ஸ்பாண்டர். இதற்கு பேட்டரி கிடையாது. (சாவியில் நாம் மாற்றும் பேட்டரி, கதவைத் திறக்கும் ரிமோட்டுக்கு.) பேட்டரி இல்லாமல் எப்படி வேலை செய்கிறது? நாம் படித்த டிரான்ஸ்பார்மர் தத்துவம்தான்! சாவித் துளையைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. சாவியைப் போட்டுத் திருப்பியதும் அதில் சுமார் 125 கிலோஹெர்ட்ஸ் மின்னலை பாய்கிறது. அதுதான் பிரைமரி. சிப்புக்குள் இருக்கும் குட்டிச் சுருள் செகண்டரி. 1831-ல் பாரடே கண்டுபிடித்த தூண்டல் தத்துவம் இன்று நம் சட்டைப் பையில் கிடக்கிறது!

அந்தத் துளி மின்சாரத்தில் சிப் விழித்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்கிறது. வண்டியின் கம்ப்யூட்டர் அதைச் சரிபார்த்த பிறகே எஞ்சினை ஓட விடுகிறது. தெரியாத எண்ணாக இருந்தால் ஓட விடாது. இந்தக் காவலுக்கு 'இம்மொபிலைசர்' என்று பெயர். மாருதி கார்களில் 'ஐகேட்ஸ்' என்று சொல்வதும் இதைத்தான்.

ஆரம்ப காலச் சிப்கள் எப்போதும் ஒரே எண்ணைச் சொல்லின. பின்பு வந்தவை புத்திசாலிகள். வண்டி ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் கேள்வி கேட்கும். சிப் தன் ரகசிய எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு விடை சொல்லும். ஒருமுறை சொன்ன விடை மறுமுறை உதவாது.

வெட்டுவது வேறு, சேர்ப்பது வேறு

'சாவியை புரோகிராம் செய்வது' என்றால் சாவிக்குள் ஏதோ எழுதுவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். பெரும்பாலான வண்டிகளில் முக்கியமான வேலை நடப்பது வண்டிக்குள்! ரேஷன் கார்டை நினைத்துப் பாருங்கள். வீட்டில் பிறந்த பிள்ளையே ஆனாலும், கார்டில் பெயர் சேர்க்காதவரை அந்தப் பிள்ளை பெயரில் அரிசி கிடையாது. சாவியும் அப்படித்தான். பல் வெட்டுவது பிறப்பு. கம்ப்யூட்டரின் பட்டியலில் எண்ணைச் சேர்ப்பதுதான் பெயர் பதிவு. தொலைந்த சாவியின் பெயரை நீக்கவும் முடியும்.

இரண்டு, ஒன்று, பூஜ்யம்

பெயர் சேர்க்க யார் சிபாரிசு செய்ய வேண்டும்? அமெரிக்காவில் விற்ற பல ஃபோர்டு கார்களில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. ஏற்கெனவே பதிவான இரண்டு சாவிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு 'ஆன்' செய்து எடுக்க வேண்டும். சில விநாடிகளுக்குள் புதுச் சாவியைப் போட்டு 'ஆன்' செய்தால் அதுவும் பட்டியலில் சேர்ந்துவிடும். மெக்கானிக் வேண்டாம், கருவி வேண்டாம். இப்படி மொத்தம் 8 சாவிகள் வரை வைத்துக்கொள்ளலாம்.

அதென்ன இரண்டு சாவி? ஒரு சாவி போதும் என்றால், பார்க்கிங்கில் சாவியை வாங்குகிறவர்கூட நமக்குத் தெரியாமல் ஒன்று சேர்த்துக்கொள்ளலாமே! இரண்டு சாவியும் கையில் இருப்பவர்தான் சொந்தக்காரர் என்பது கணக்கு.

ஒரே சாவி இருந்தால்? ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை சாக்கெட்டில் கருவியைச் செருகிச் சேர்க்க வேண்டும். சில கம்பெனி வண்டிகளுக்கு ரகசிய பின் நம்பரும் வேண்டும். ஒரு சாவியும் இல்லையென்றால்? வண்டி நின்ற இடத்துக்கே ஆள் வர வேண்டும், அல்லது வண்டியைக் கட்டி இழுத்துப் போக வேண்டும். 1990-களின் ஃபியட் கார்களில் புதுச் சாவி சேர்ப்பதற்கென்றே ஒரு சிவப்புச் சாவி கொடுத்தார்கள். அதைத் தொலைத்தவர்கள் கம்ப்யூட்டர் பெட்டியையே மாற்ற வேண்டி வந்தது.

எங்கள் சித்தப்பா வண்டி

என் சித்தப்பா தவணையில் ஒரு பழைய கார் வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார். விற்றவர் கொடுத்தது ஒரே சாவி. "ஓடுற வண்டிக்கு இன்னொரு சாவி எதுக்குப்பா தண்டச் செலவு?" என்றார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான். புத்தகத்தில் படித்ததை வீட்டுக்குப் புரியவைக்க ரேஷன் கார்டுதான் கைகொடுத்தது. "வித்தவர்கிட்ட இன்னொரு சாவி இருந்தா, அதோட பேரும் நம்ம கார்டுல இருக்கும் சித்தப்பா" என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கருவியோடு வந்தவர் பழைய பட்டியலை அழித்துவிட்டு, கையிலிருந்த சாவியையும் புதுச் சாவியையும் மட்டும் பதிந்தார். செலவு, சித்தப்பாவின் மூன்று நாள் சவாரிக் காசு. இனி வேறொரு சாவி எங்காவது இருந்தாலும், அது கதவைத் திறக்கலாம், எஞ்சினை ஓட்டாது. அந்த வண்டி நின்றால் தவணையும் நிற்கும், தங்கையின் பள்ளிக் கட்டணமும் நிற்கும்.

இந்தச் சிப் அவசியம்தானா?

அமெரிக்காவில் 2011-க்கும் 2021-க்கும் இடையே விற்ற ஹூண்டாய், கியா கார்கள் பலவற்றில் இம்மொபிலைசர் இல்லை. திருடும் முறை வீடியோவாகப் பரவியதும், 2022-ல் அந்தக் கார்கள் ஊர் ஊராகத் திருடுபோயின. பக்கத்து நாடான கனடாவில் 2007 செப்டம்பர் முதலே புதுக் கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம். அதே கம்பெனிகளின் கார்கள் அங்கே தப்பித்தன!

அதற்காக இது உடைக்க முடியாத கோட்டையும் அல்ல. ஃபோர்டு கார்களில் இருந்த 40 பிட் சிப்பின் ரகசியத்தை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2005-லேயே உடைத்துக் காட்டினார்கள். அதனால்தான் பூட்டும் வளர்கிறது. அதைப் படிக்க வேண்டிய நாமும் வளர வேண்டியிருக்கிறது.

நினைவில் கொள்வோம்

* பழைய கார் வாங்கினால் எத்தனை சாவி என்று முதலில் கேளுங்கள்.
* பின் நம்பர் அட்டை, சாவி எண் தகடு இருந்தால் கேட்டு வாங்குங்கள். வண்டிக்குள் வைக்காதீர்கள்.
* புதுச் சாவி சேர்க்கும்போது வீட்டிலுள்ள எல்லாச் சாவிகளையும், ஆர்.சி. புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். பட்டியலை அழித்து எழுதும்போது, வீட்டில் விட்டு வந்த சாவி வெளியே நின்றுவிடும்.
* சிப் உள்ள இரண்டு சாவிகளை ஒரே வளையத்தில் கோர்க்காதீர்கள். ஒன்றின் பேச்சில் மற்றொன்று குறுக்கிடலாம்.

நண்பர்களே! அரம் பிடிக்கத் தெரிந்த சாவிக்காரர்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். சிப்பைப் புரிந்தவர்கள் குறைவு. அவர் கைத்திறனும் நம் படிப்பும் சேர்ந்தால், ஊருக்கு ஊர் ஒரு தொழில் தயார். பட்டயம் வாங்கிய பின் வேலை தேடி அலையும் முன், ஒருமுறை பஸ் ஸ்டாண்டு குடைப் பக்கமும் போய்ப் பேசிப் பாருங்களேன்!