537 வாக்கில் முடிவான அமெரிக்க அதிபர் தேர்தல்: குழப்பிய வாக்குச்சீட்டு... பாதியில் நின்ற மறு எண்ணிக்கை! நடந்தது என்ன?

சுமார் 60 லட்சம் பேர் வாக்களித்த மாகாணம். வித்தியாசமோ வெறும் 537 வாக்கு. அமெரிக்க அதிபர் யார் என்பதையே அந்த 537 தான் முடிவு செய்தது. 2000ஆம் ஆண்டு புளோரிடாவில் என்னதான் நடந்தது?

ஏன் புளோரிடா?

அமெரிக்காவில் மாகாணவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் வாக்குகள்தான் கணக்கு. 270 கிடைத்தால் வெற்றி. குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ், ஜனநாயகக் கட்சியின் அல் கோர் இருவருக்குமே புளோரிடாவின் 25 இல்லாமல் அந்த எண்ணிக்கை வரவில்லை.

வாக்குச்சீட்டில் என்ன குழப்பம்?

பாம் பீச் கவுண்டியில் வயதானவர்கள் அதிகம். எழுத்து பெரிதாக இருக்கட்டுமே என்று 10 வேட்பாளர்களின் பெயரையும் பட்டாம்பூச்சி இறக்கை போல இரண்டு பக்கமாகப் பிரித்து அச்சடித்தார்கள். குத்த வேண்டிய துளைகள் மட்டும் நடுவில் ஒரே வரிசை.

இடது பக்கம் முதல் பெயர் புஷ், இரண்டாவது கோர். ஆனால் இரண்டாவது துளை, வலது பக்கம் இருந்த பேட் புக்கானனுக்கு! கோருக்கு மூன்றாவது துளை.

"இரண்டாவது பெயர்னா இரண்டாவது துளைதானே?" என்று குத்தியவர்களின் வாக்கு புக்கானனுக்குப் போனது. அங்கே அவருக்கு 3,400க்கும் மேல் வாக்குகள். அதில் பல தனக்கு விழுந்தவை அல்ல என்று அவரே சொன்னார். ஒன்றுக்கும் மேற்பட்ட துளை குத்தியதால் 19,000க்கும் அதிகமான சீட்டுகள் செல்லாமல் போயின.

மறு எண்ணிக்கையில் என்ன சண்டை?

அது வேறு பிரச்னை. துளை குத்தும்போது விழ வேண்டிய காகிதத் துணுக்குக்கு 'சாட்' என்று பெயர். சில சீட்டுகளில் அது முழுசா விழாமல் ஒரு மூலையில் தொங்கியது. சிலவற்றில் லேசான பள்ளம் மட்டும்தான். இயந்திரத்தால் இதைப் படிக்க முடியாது. கையால் எண்ணினால் எதை வாக்காக எடுத்துக்கொள்வது? கவுண்டிக்குக் கவுண்டி அளவுகோல் மாறியது.

கோர்ட் என்ன சொன்னது?

டிசம்பர் 8இல் புளோரிடா உச்ச நீதிமன்றம் மாகாணம் முழுக்கக் கையால் எண்ணச் சொன்னது. மறுநாளே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஒரே அளவுகோல் இல்லாதது சமத்துவத்துக்கு எதிரானது, புதிதாக எண்ண நேரமும் இல்லை என்று டிசம்பர் 12இல் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. மறுநாள் கோர் தோல்வியை ஏற்றார்.

எண்ணியிருந்தால் சரியாகியிருக்குமா?

தொங்கிய துணுக்குகளுக்கு ஒரு முடிவு தெரிந்திருக்கும். ஆனால் பாம் பீச்சில் தவறிப்போய் புக்கானனுக்குக் குத்திய சீட்டை எத்தனை தடவை எண்ணினாலும் அது புக்கானன் வாக்குதான். மறு வாக்குப்பதிவு கேட்ட வழக்கையும் கோர்ட் ஏற்கவில்லை.

எண்ணியதில் நடந்த தப்பை மறு எண்ணிக்கை திருத்தும். சீட்டிலேயே இருக்கும் தப்பைத் திருத்தாது. அதனால்தான் 2001இல் புளோரிடா துளைச் சீட்டுகளையே தடை செய்தது. 2002இல் வந்த மத்திய சட்டம், வாக்கைப் பதிவு செய்யும் முன்பே தப்பைத் திருத்திக்கொள்ள வாக்காளருக்கு வாய்ப்பு தரச் சொன்னது.