மாஸ்டர் படிக்கப் போனால் நமக்கென்ன?

“மாஸ்டர் இன்னைக்கும் வரல்லியாம். ஏதோ கோர்ஸுக்குப் போயிட்டாராம்.”

பாடசாலையிலிருந்து நேரத்தோடு வீடு திரும்பும் பிள்ளை லயத்து வாசலில் நின்று இப்படிச் சொல்வதைக் கேட்காத பெற்றோர் நம்மில் குறைவு. மலையிலிருந்து களைத்துப்போய் வரும் தாய்க்கு இதைக் கேட்டதும் கோபம் வருவது இயல்புதான். “படிச்சிட்டுத்தானே மாஸ்டரா வந்தாரு, இன்னும் என்னாத்த படிக்கிறாரு? அதுக்குக் காசு வேற குடுக்கிறாங்களாமே” என்று கேட்கிறோம்.

கேள்வி நியாயமானது. அதற்கு நேராகப் பதில் சொல்லவே இந்தக் கட்டுரை. ஆசிரியர்களின் தொழிற்பயிற்சிக்கு வழங்கப்படும் உதவிப் பணம் எந்த வழியில் வருகிறது, எதற்குச் செலவாகிறது, அதனால் நமது பிள்ளைக்கு என்ன கிடைக்கவேண்டும், அது கிடைக்காமற் போவது எப்போது என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கவ்வாத்து மலையை நினைத்துப் பாருங்கள்

தேயிலை மலையொன்றைக் கவ்வாத்து வெட்டினால் சில மாதங்களுக்கு அந்த மலையில் கொழுந்து கிடையாது. அதற்காக யாரும் சண்டைக்குப் போவதில்லை. வெட்டாமல் விட்டால் செடி மரமாக உயர்ந்து, கொழுந்தும் குறைந்துபோகும் என்பது நமக்குத் தெரியும். அதோடு இன்னொரு விஷயமும் தெரியும். தோட்டம் முழுவதையும் ஒரே நேரத்தில் கவ்வாத்து வெட்டுவதில்லை. இந்த வருடம் இந்த மலை, அடுத்த வருடம் அந்த மலை என்று முறை வைத்தே வெட்டுகிறார்கள். தோட்டத்துக்கு வருமானமும் நிற்பதில்லை.

ஆசிரியர் பயிற்சியும் இப்படித்தான். பயிற்சிக்குப் போகும் நாட்களில் வகுப்புக்கு நட்டம் உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் முறையாகத் திட்டமிட்டால் அந்த நட்டம் சிறிதாகும், திரும்பி வரும் பலன் பெரிதாகும். முறை இல்லாமல் நடந்தால் நட்டம் மட்டுமே மிஞ்சும்.

கொஞ்சம் பழைய கதை

தோட்டப் பாடசாலைகள் எப்படி இருந்தன என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். 1907ஆம் ஆண்டுச் சட்டம் 6 வயது முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்புச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் கொடுத்தது. ஒரு மண்டபம், ஒரு வாத்தியார், எல்லா வகுப்பும் அவருக்கே. அவருக்குப் பயிற்சி உண்டா இல்லையா என்று கேட்பாரில்லை. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியிலேயே நின்றன. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான், 1977 தொடங்கிப் படிப்படியாக இந்தப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது.

பாடசாலை அரசாங்கத்துக்கு வந்தது, ஆசிரியர்கள் எங்கே? வெளியிடங்களிலிருந்து நியமனம் பெற்று வந்தவர்களில் பலர் கொஞ்ச நாளில் மாற்றம் வாங்கிக்கொண்டு போனார்கள். ஆகவே தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்து, சாதாரண தரம், உயர் தரம் படித்த இளைஞர், யுவதிகளை ஆசிரியர்களாக எடுத்தார்கள். அவர்கள் நமது லயத்துப் பிள்ளைகள். நம்ம புள்ளைங்களின் பேச்சும் பசியும் அவர்களுக்குத் தெரியும். தெரியாதது படிப்பிக்கும் முறைதான். ஏனென்றால் பயிற்சி பெறும் முன்பே சோக்கைக் கையில் கொடுத்து வகுப்பில் நிறுத்திவிட்டார்கள்.

வெளிநாட்டு உதவி பெரிய அளவில் வந்தது இந்தக் கட்டத்தில்தான். 1986இல் சுவீடன் நாட்டின் சீடா நிறுவனத்தின் உதவியோடு தோட்டப் பாடசாலைகளுக்கென ஒரு கல்வி அபிவிருத்தித் திட்டம் ஆரம்பமானது. கட்டடங்களோடு சேர்த்து ஆசிரியர் பயிற்சிக்கும் அதில் இடமிருந்தது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைந்த தேசிய கல்வி நிறுவகம், வேலையில் இருந்துகொண்டே படிக்கக்கூடிய தொலைக் கல்விப் பயிற்சியை நடத்தியது. ஜேர்மனியின் ஜி.டி.இசட். நிறுவனத்தின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி 1990களின் தொடக்கத்தில் எழுந்தது. கொட்டகலையில் அரசினர் ஆசிரியர் கலாசாலையும் இருக்கிறது. இன்று தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கும் ஆசிரியர்களில் ஏராளமானோர் இந்த வாசல்கள் வழியாக வந்தவர்கள்தான்.

இந்தக் கதையில் ஒரு பாடம் உண்டு. கட்டடத்துக்குக் கொடுத்த பணத்தைக் கண்ணால் பார்க்கலாம். திறப்பு விழா நடக்கும், பெயர்ப் பலகை இருக்கும். ஆசிரியருக்குக் கொடுத்த பணத்துக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ஆனால் கூரைத் தகரம் துருப்பிடித்த பிறகும், அந்த ஆசிரியர் ஓய்வு பெறும்வரை அது வகுப்பில் வேலை செய்துகொண்டிருக்கும்.

உதவி மூன்று வழியாக வருகிறது

முதலாவது, சேவையில் இருக்கும் ஆசிரியரைச் சம்பளத்தோடு பயிற்சிக்கு விடுவது. பயிற்சி பெறாத ஆசிரியர் கலாசாலைக்குப் போவது இந்த வகை. இதில் உதவி என்பது கையில் கொடுக்கும் காசு மட்டுமல்ல, அவர் இல்லாத காலத்துக்கு அரசாங்கம் கொடுக்கும் சம்பளமும் உதவிதான்.

இரண்டாவது, தனி ஆசிரியருக்குக் கிடைக்கும் உதவி. பாடநெறிக் கட்டணம், பிரயாணச் செலவு, புத்தகச் செலவு ஆகியவற்றில் ஒரு பகுதியை அரசாங்கமோ, நிறுவனமோ, நலன்புரி நிதியமோ ஏற்றுக்கொள்வது. பட்டதாரி ஆசிரியர் ஒருவர் திறந்த பல்கலைக்கழகத்திலோ பேராதனையிலோ பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்யும்போது இத்தகைய கைகொடுப்பு தேவைப்படுகிறது.

மூன்றாவது, பாடசாலைக்கே கொடுக்கப்படும் பணம். 2012இல் உலக வங்கியின் உதவியோடு ஆரம்பமான கல்வித் திட்டத்தில் பாடசாலை மட்ட ஆசிரியர் அபிவிருத்தி என்ற முறைக்கு முக்கியத்துவம் கொடுத்தார்கள். ஆசிரியர்கள் எல்லோரும் டவுனுக்குப் போகாமல், பாடசாலையிலேயே கூடி, ஒருவர் படிப்பிப்பதை மற்றவர் பார்த்து, எங்கே பிள்ளைகளுக்கு விளங்கவில்லை என்று பேசித் திருத்துவது இந்த முறை. தேவையென்றால் வெளியிலிருந்து ஆசிரிய ஆலோசகர் ஒருவரை அழைக்கலாம். நாலைந்து ஆசிரியர்கள் மட்டுமே உள்ள சின்னப் பாடசாலைக்கு இது மிகவும் பொருந்தும். வகுப்பு வெறுமையாகக் கிடக்காது.

ஓர் உதாரணம் சொல்கிறோம். தடுப்புச் சுவர் இல்லாத மண்டபத்தில் ஒரே ஆசிரியை மூன்றாம் வகுப்பையும் நாலாம் வகுப்பையும் சேர்த்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. பயிற்சி இல்லாவிட்டால் ஒரு வகுப்புக்குப் படிப்பிக்கும்போது மற்ற வகுப்பு சத்தம் போடும், அதை அடக்கப் போனால் இந்த வகுப்பு குழம்பும். பல்தரக் கற்பித்தல் என்ற முறையைப் பழகியவர் ஒரே பாடத்தை இரண்டு வகுப்புக்கும் சேர்த்து ஆரம்பித்து, பிறகு பிள்ளைகளைக் குழுக்களாக்கி, ஒரு குழுவுக்கு எழுத்து வேலை, ஒரு குழுவுக்கு வாசிப்பு, ஒரு குழுவுக்குத் தன் நேரடிக் கவனம் என்று மாற்றி மாற்றிக் கொடுப்பார். ஆசிரியை அதேயவர், மண்டபமும் அதேதான். பிள்ளைக்குக் கிடைக்கும் நேரம் கூடிவிடுகிறது.

அரைகுறை உதவியின் கதை

2015இல் மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்கள் நியமிக்கப்பட்டது பலருக்கு ஞாபகமிருக்கும். 3,000 பேரளவில் எடுக்கும் திட்டம் அது. நமது பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய்தான். பின்னர் அது 10,000 ஆக்கப்பட்டது. பயிற்சியை முடித்த பிறகே ஆசிரியர் சேவையில் சேர்த்துக்கொள்ளப்படுவார்கள் என்பது நிபந்தனை.

6,000 ரூபாயில் பஸ்ஸுக்குக் கொடுத்து, உடுப்புக்குக் கொடுத்து, படிப்புக்கும் என்ன மிஞ்சும்? மிச்சத்தை யார் கொடுத்தார்கள்? கொழுந்து பறித்த தாய்தான் கொடுத்தாள். ஆசிரியரைப் பயிற்றும் செலவைப் பெரிய இடங்கள் முழுமையாக ஏற்காவிட்டால், அது கடைசியில் லயத்து அடுப்படிக்கு வந்து சேரும். இதை நாம் மறக்கக்கூடாது.

கணக்குப் பார்ப்போம்

வார இறுதியில் கண்டிக்குப் போய்ப் படிக்கும் ஆசிரியை ஒருவரை எடுத்துக்கொள்வோம். தோட்டத்திலிருந்து டவுனுக்கு ஒரு பஸ், அது இல்லாத நேரம் த்ரீவீல். டவுனிலிருந்து கண்டிக்கு இன்னொரு பஸ். சாப்பாட்டோடு சேர்த்து ஒரு நாளுக்கு 1,500 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். வருடத்தில் 40 சனிக்கிழமை போனால் 60,000 ரூபாய். பாடநெறிக் கட்டணமும் ஒப்படை அச்சிடும் செலவும் இதற்கு மேல்.

ஆகவே கட்டணத்தை மட்டும் கொடுத்துவிட்டு “உதவி செய்தோம்” என்று சொன்னால் அது அரை உதவிதான். டவுனில் வீடு உள்ள ஆசிரியர் அந்த உதவியைப் பயன்படுத்துவார். தூரத்து டிவிசனில் இருப்பவர் விண்ணப்பமே போடமாட்டார். உதவி தேவைப்பட்டவர் அவர்தான்.

அதேபோல, செலவழித்த பிறகு பற்றுச்சீட்டைக் காட்டிப் பணம் வாங்குங்கள் என்ற முறையும் கையில் காசு இல்லாதவரை வெளியே தள்ளிவிடும். முதலில் ஒரு பகுதியையாவது முற்பணமாகக் கொடுப்பதே நியாயம்.

பெற்றோர் எங்கே பேசலாம்?

“இதெல்லாம் பெரியவங்க விஷயம், நமக்கென்ன தெரியும்” என்று ஒதுங்கவேண்டாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோர்களாகிய நீங்கள் அங்கத்தவர்கள். அங்கே பேச உங்களுக்கு உரிமை உண்டு. அடுத்த கூட்டத்தில் அதிபரிடம் மரியாதையாக இவற்றைக் கேளுங்கள்:

1. எந்த ஆசிரியர் எந்தப் பயிற்சிக்குப் போகிறார்? அது நமது பாடசாலைக்குக் குறைவாக உள்ள பாடமா? கணிதம், விஞ்ஞானம் தமிழில் படிப்பிக்க ஆளில்லாமல்தான் நமது பிள்ளைகளில் பலருக்கு உயர்தர விஞ்ஞானப் பிரிவின் கதவு மூடிக்கிடக்கிறது.

2. பயிற்சி தமிழ் மொழியில் நடக்கிறதா? விளங்காத மொழியில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் யாருக்கும் பலனில்லை.

3. அவர் இல்லாத நாட்களில் வகுப்பை யார் பார்ப்பார்? ஒரே கிழமையில் இரண்டு மூன்று பேரை அனுப்பாமல் முறை வைத்து அனுப்பமுடியுமா? உயர்தரம் முடித்த நமது பிள்ளை ஒருவரைத் தொண்டர் ஆசிரியராக வைக்கலாமா?

4. திரும்பி வந்த பிறகு, கற்றதை மற்ற ஆசிரியர்களுக்கும் சொல்லிக்கொடுக்க ஒரு பின்னேரம் ஒதுக்கப்படுகிறதா?

5. உதவி பெற்றவர் இந்தப் பாடசாலையில் எவ்வளவு காலம் சேவை செய்ய ஒத்துக்கொண்டிருக்கிறார்?

கடைசிக் கேள்வியைக் கவனமாகக் கேட்கவேண்டும். ஆசிரியருக்கும் குடும்பம் உண்டு, மாற்றம் கேட்கும் உரிமை உண்டு. ஆயுள் முழுக்கக் கட்டிப்போட நாம் சொல்லவில்லை. ஆனால் தோட்டப் பாடசாலையின் பெயரால் உதவி வாங்கி, சான்றிதழ் கைக்கு வந்த அடுத்த மாதமே டவுன் பாடசாலைக்குப் போனால், நட்டம் முழுவதும் நமது பிள்ளைகளுக்குத்தான். ஒப்புக்கொண்ட காலத்தைச் சேவை செய்வது கடமை. அதே நேரத்தில், அவர் தங்க நல்ல அறையும் தண்ணீர் வசதியும் உண்டா என்று பார்ப்பதில் தோட்டத்துக்கும் நமக்கும் பங்கு உண்டு. மழையில் ஒழுகும் அறையைக் கொடுத்துவிட்டு “ஏன் போறீங்க?” என்று கேட்கமுடியாது.

கூட்டத்துக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடும் என்ற கஷ்டமும் நமக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையில் அல்லது வேலை விட்ட பிறகு கூட்டத்தை வைக்கும்படி அதிபரிடம் கேளுங்கள். எல்லோராலும் முடியாவிட்டால் ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஒருவராவது போய் வந்து மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்.

முடிவாக

உங்கள் வீட்டிலேயே ஆசிரியராக இருக்கும் மகனோ மகளோ இருந்தால், இந்தப் பக்கத்தை அவர்களிடம் கொடுங்கள். என்னென்ன பாடநெறிகள் இருக்கின்றன, எந்த உதவிக்கு எப்போது விண்ணப்பிக்கலாம் என்பதை வலயக் கல்வி அலுவலகத்திலும் ஆசிரியர் மத்திய நிலையத்திலும் நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். சுற்றறிக்கை தோட்டத்துக்கு வந்துசேரும் முன்பே முடிவுத் திகதி போய்விடுவது உண்டு.

இனி ஒரு நாள் பிள்ளை வந்து “மாஸ்டர் கோர்ஸுக்குப் போயிட்டாராம்” என்று சொன்னால், “என்னா கோர்ஸ்? வந்து உங்களுக்கு என்னா புதுசா சொல்லிக்குடுத்தாரு?” என்று அடுத்த கிழமை பிள்ளையிடமே கேளுங்கள். பிள்ளைக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் கொடுத்த பணம் வேலை செய்திருக்கிறது. ஒன்றுமே இல்லையென்றால், அடுத்த கூட்டத்தில் நாம் பேசவேண்டியது என்ன என்பது தெரிந்துவிட்டது.