கொஞ்சம் தள்ளி நில்!

ஜார்ஜ் செரா என்ற பிரெஞ்சு ஓவியரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். என் மகளுக்கும் பிடித்துவிட வேண்டும் என்று பேராசை. நாலாம் வகுப்புப் படிக்கிறாள். அவருடைய பெரிய ஓவியம் ஒன்றின் அச்சுப் பிரதியைக் கூடத்துச் சுவரில் ஒட்டி, அவளைக் கூப்பிட்டேன். பாரிஸை ஒட்டி, செய்ன் ஆற்றில் கிராண்ட் ஜாட் என்றொரு தீவு. ஞாயிற்றுக்கிழமை அங்கே காற்று வாங்க வந்த கூட்டம்தான் படம். 1884இல் தொடங்கியவர் 1886இல்தான் முடித்தார். அசல் 2 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம். இப்போது சிகாகோவில் இருக்கிறது.

எல்லாம் சொல்லி முடித்தேன். “அம்மா, குரங்கு!” என்றாள். அவ்வளவுதான். படத்தில் குடை பிடித்த ஒரு பெண் குரங்கைக் கயிற்றில் பிடித்தபடி நிற்கிறாள். என் மகளுக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

சரி, குரங்கையே பார் என்று பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். உள்ளே குரங்கைக் காணோம்! எங்கே பார்த்தாலும் புள்ளி. “எல்லாம் அவர் வெச்சதாம்மா?” என்றாள்.

பொய் சொல்ல முடியுமா? செரா சின்னச் சின்னப் புள்ளியும் தீற்றலுமாக வரைந்தவர்தான். ஆனால் அவள் பார்த்தவை அச்சு இயந்திரம் வைத்த புள்ளிகள். வண்ண அச்சுக்குப் பெரும்பாலும் நாலே மைதான்: வெளிர்நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. இன்றைய செய்தித்தாளில் ஏதாவது வண்ணப்படத்தை நீங்களும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

புள்ளிகள் எப்படிப் படமாகின்றன? 1 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளி வைத்துவிட்டுப் பின்னால் நடங்கள். ஏறக்குறைய மூன்றரை மீட்டர் தாண்டினால், நல்ல பார்வை உள்ளவர்களுக்கே அவை ஒன்றாகிவிடும். நம் கண்ணின் எல்லை அது.

பாட்டியின் மயில்கழுத்துப் பட்டும் இதே வித்தைதான். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே போகும் ஊடை நூல் வேறு நிறம். கிட்டே பார்த்தால் இரண்டு நூல். தள்ளிப் பார்த்தால் மயிலின் கழுத்து!

செராவும் நூல்காரர் ஒருவரிடமிருந்துதான் பாடம் கற்றார். ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் பாரிஸில் கோப்லான் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவைக் கவனித்துவந்தார். ‘கறுப்புச் சாயம் சரியில்லை, வெளுத்துத் தெரிகிறது’ என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார், அதில் குறையே இல்லை. பக்கத்து நூலின் நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டியது! 1839இல் இதைப் பற்றிப் பெரிய புத்தகமே போட்டார். அது செராவின் கைக்குக் கிடைத்தது.

“அப்போ மஞ்சப் புள்ளியும் நீலப் புள்ளியும் வெச்சா பச்சையா?” என்றாள் மகள். ஆமாம் என்று வாய்வரை வந்துவிட்டது. நல்லவேளை, வைத்துப் பார் என்றேன். ஸ்கெட்ச் பேனாவால், ஒன்றின்மேல் ஒன்று படாமல், தாள் முழுக்க வைத்தாள். கதவோரம் போய்த் திரும்பிப் பார்த்தோம். பச்சை வரவில்லை. அழுக்குச் சாம்பல்!

காரணம் இது. வண்ணங்களைக் குழைக்கும்போது மஞ்சள் சாயம் நீல ஒளியை விழுங்குகிறது, நீலச் சாயம் சிவப்பை விழுங்குகிறது. இரண்டுக்கும் தப்பிப் பிழைப்பது பச்சை. தனித்தனியாக வைத்தாலோ ஒன்றின் ஒளியை இன்னொன்று விழுங்க வழியில்லை. இரண்டும் கண்ணுக்கு வந்து, சேர்ந்து, சாம்பலாகிவிடுகின்றன. புள்ளி வைத்தால் நிறம் பளிச்சென்று ஒளிரும் என்று செரா நம்பினார். அவர் நினைத்த அளவுக்கு அது நடக்கவில்லை. எனக்கு அதனால் அவர்மேல் பிரியம் குறையவில்லை.

இப்போது மகள் புள்ளிகளாலேயே ஒரு குரங்கு வரைகிறாள். வாலுக்கு மட்டும் இரண்டு நாள் ஆயிற்று. தாளைத் தூக்கிப் பிடித்து, “இன்னும் தள்ளிப் போம்மா, இன்னும்!” என்கிறாள். நான் சமையலறை வரைக்கும் வந்துவிட்டேன்.