ஒற்றி வீடும் வட்டியும்



"மூன்று லட்சம் கொடுத்து ஒற்றிக்கு வீடு எடுத்துவிட்டோம், இனி வாடகைக் கவலை இல்லை" என்று நம் கருங்கல் வட்டாரத்தில் பலர் கூறக் கேட்கிறோம். மூன்றாண்டுகள் குடியிருந்துவிட்டு, கொடுத்த பணத்தைக் குறையாமல் பெற்றுக்கொண்டு வெளியேறுவார்கள். சென்னையில் இதற்கு லீஸ் என்றும், வேறு ஊர்களில் போக்கியம் என்றும் பெயர். "வீட்டுக்காரர் வட்டி தரவில்லை, நாங்களும் வாங்கவில்லை. இதில் வட்டி எங்கே உஸ்தாத்?" என்பதே கேள்வி.

திருப்பித் தரப்பட வேண்டிய பணம் கடனாகும். அதற்கு ஈடாக நிற்கும் வீடு ரஹ்ன், அதாவது அடமானம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் ஒற்றியை அடமான வகைகளில்தான் சேர்த்துள்ளது. கடன் கொடுத்தவர் அக்கடனுக்காக நிபந்தனையிட்டு அடையும் பயன் வட்டியே என்பது ஃபுகஹாக்களின் முடிவு. அவ்வீட்டின் நியாயமான வாடகை மாதம் 4,000 ரூபாய் என்றால், மூன்றாண்டுகளில் 1,44,000 ரூபாய். கையில் எண்ணித் தராமல் குடியிருப்பாகத் தரப்பட்டது, அவ்வளவுதான்!

வீட்டுக்காரர் மனமுவந்து அனுமதித்தால் கூடும் என்று ஹனஃபி மத்ஹபின் பிற்கால அறிஞர்கள் சிலர் கூறியது உண்மையே. ஆனால் அது நிபந்தனை இல்லாத இடத்தில். குடியிருக்க விடாவிட்டால் மூன்று லட்சத்தை யார் கொடுப்பார்? வழக்கத்தில் அறியப்பட்டது நிபந்தனையிட்டதைப் போன்றது என்பதும் அதே மத்ஹபின் விதிதான். பேருக்கு 500 ரூபாய் வாடகை எழுதுவதாலும் சட்டம் மாறாது. கடனுக்காகவே வாடகை குறைக்கப்பட்டிருக்கிறது.

இரு தரப்பும் பாவத்தில் பங்காளிகள். எனினும் மகளின் திருமணத்திற்காகவோ மருத்துவச் செலவுக்காகவோ வீட்டை ஒற்றிக்கு விடுபவரின் நெருக்கடியை ஜமாஅத்தும் செல்வந்தர்களும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவருக்குக் கர்ளன் ஹஸனா, அழகிய கடன், கொடுக்க நாம் முன்வந்தோமா?

ஏற்கெனவே ஒற்றியில் இருப்போர் வீட்டுக்காரருடன் அமர்ந்து, ஊர் வழக்கிலுள்ள வாடகையை நிர்ணயித்து, கொடுத்த தொகையில் மாதாமாதம் கழித்து வரட்டும். மேற்சொன்ன கணக்கில், மூன்றாண்டு முடிவில் 1,56,000 ரூபாய் மட்டுமே திரும்பப் பெற வேண்டும். புதிதாக வீடு தேடுவோர் மூன்றாண்டு வாடகையை முன்கூட்டியே கொடுத்துவிடலாம். அது வாடகை, கடனன்று. சேதத்திற்கான முன்பணம் வேறு. வேறு உடன்பாடு இல்லாதபோது அது மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்பது தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். எதுவாயினும் எழுத்தில் இருக்கட்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு சூரத்துல் பகராவின் 282ஆம் வசனத்தில் அல்லாஹுத் தஆலா கட்டளையிட்டுள்ளான்.