மழை நீர் ஏன் உப்புக் கரிப்பதில்லை?

குழந்தைகளோடு அறிவியல் – 14

காற்றுக்கு எடை உண்டு என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தக் காற்றுக்குள் எந்நேரமும் தண்ணீரும் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத ஆவியாக. நீர்ச் சுழற்சியைச் சொல்லித்தரும்போது குழந்தைகள் தடுமாறுகிற இடம் இதுதான். பெய்கிற மழையையும் ஓடுகிற ஆற்றையும் பார்த்துவிடலாம். மேலே ஏறும் தண்ணீரை யாரும் பார்த்ததில்லை. பாடப்புத்தகத்தில் கடலிலிருந்து வானத்தை நோக்கி ஓர் அம்புக்குறி இருக்கும். குழந்தை அதை மனப்பாடம் செய்து வரைந்து மதிப்பெண்ணும் வாங்கிவிடும். ஆனால் அந்த அம்புக்குறி விளங்கியிருக்காது.

புத்தகத்தைத் திறக்குமுன் மொட்டை மாடிக்குப் போங்கள். ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றி, தேங்கி நிற்கும் நீரைச் சுற்றிக் குழந்தையையே சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். கால் மணிக்கு ஒருமுறை புது விளிம்பில் இன்னொரு கோடு. வெயில் ஏற ஏறக் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருங்கும். கடைசியில் கோடுகள் மட்டும் இருக்கும், தண்ணீர் இருக்காது. “தரை குடிச்சிடுச்சு” என்று குழந்தை சொல்லக்கூடும். நியாயமான சந்தேகம் அது. மறுத்துப் பேச வேண்டாம். எவர்சில்வர் தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வெயிலில் வையுங்கள். தட்டும் காய்ந்துவிடும். தண்ணீர் ஆவியாக அடுப்பு வேண்டாம், கொதிக்கவும் வேண்டாம் என்பது அப்போது பிடிபடும்.

அடுத்து அதே தட்டில் உப்புத் தண்ணீர். காய்ந்ததும் வெள்ளையாகப் படிந்திருப்பதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கட்டும். தண்ணீர் மட்டும் கிளம்பிப் போயிருக்கிறது, உப்பு தங்கிவிட்டது. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் பாத்தி கட்டி உப்பு விளைவிப்பதும் இந்த முறையில்தான். உலகில் ஆவியாகும் நீரில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் கடலிலிருந்தே எழுகிறது. அப்படியும் மழை உப்புக் கரிக்காததன் காரணத்தை இனிக் குழந்தையே சொல்லிவிடும்.

மேலே போனது திரும்பி வருவதைக் காட்ட ஒரு கண்ணாடி டம்ளர் போதும். நிறம் கலந்த தண்ணீரில் ஐஸ் கட்டிகளைப் போடுங்கள். சிறிது நேரத்தில் டம்ளரின் வெளிப்புறம் வியர்க்கும். துடைத்துப் பார்த்தால் நிறம் இருக்காது. உள்ளிருந்து கசிந்த நீர் இல்லை, காற்றிலிருந்த ஆவி குளிர்ந்து வந்த நீர். வானத்தில் இந்த ஆவி, தூசியும் கடல் உப்பும் போன்ற நுண்துகள்களின் மேல் திவலையாகப் படிகிறது. அந்தத் திவலைகளின் கூட்டம்தான் மேகம். ஒரு மழைத்துளிக்கு ஏறக்குறைய பத்து லட்சம் திவலைகள் சேர வேண்டும்.

மழை பெய்ததும் பாடத்தை முடித்துவிடுகிறோம். மிக முக்கியமான பகுதி அதன் பிறகுதான் இருக்கிறது. 2019இல் ‘நேச்சர் ஜியோசயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, பல நாடுகளின் நீர்ச் சுழற்சிப் படங்களைப் பரிசீலித்தது. நூற்றுக்கு 85 படங்களில், மனிதர்கள் நீரை என்ன செய்கிறார்கள் என்பதே இல்லை. 2022இல் அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் தன் படத்தைத் திருத்தி, அணை, வயல், நகரம் எல்லாவற்றையும் அதில் சேர்த்தது.

சுழற்சி என்றதும் எல்லா நீரும் ஒரே வேகத்தில் சுற்றுவதாகக் குழந்தை நினைத்துக்கொள்கிறது. ஆவியாக மேலே போன நீர் சராசரியாக ஒன்பது, பத்து நாட்களில் கீழே வந்துவிடுகிறது. மண்ணுக்குள் இறங்கிய நீரோ ஆண்டுக்கணக்கில், ஆழத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல்கூடத் தங்கும். போர் போட்டு ஒரே நாளில் எடுப்பதை மழை ஒரே நாளில் நிரப்பித் தராது. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்த சென்னைக்கு, 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. பருவமழை ஓர் ஆண்டு பொய்த்ததும், முன்பு பெய்ததில் போதிய நீர் நம்மிடம் தங்கியிருக்கவில்லை. நீரைத் தங்கவைக்கிற ஏரிகளையும் சதுப்பு நிலங்களையும் நாம் சுருக்கிவிட்டோம். இதைச் சொல்லாத நீர்ச் சுழற்சிப் பாடம் அரைப் பாடம்தான்.

தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. இந்த வாரம் குழந்தையோடு சேர்ந்து மாடியிலிருந்து இறங்கும் குழாயைக் கடைசிவரை பின்தொடர்ந்து பாருங்கள். அது தொட்டியிலோ மண்ணிலோ முடிகிறதா, தெருச் சாக்கடையில் முடிகிறதா? பார்த்ததைக் குழந்தையே படமாக வரையட்டும். குழாய் தெருவில் முடிந்தால், அதை மாற்ற வேண்டிய வேலை பெரியவர்களுடையது.

(அடுத்த வாரம்: மண்ணுக்குள் இறங்கிய நீரை மரம் எப்படி மேலே ஏற்றுகிறது?)